அலமாரிக்குப் பின்னால்

2023ஆம் ஆண்டு, ஐப்பசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மா இறந்தபின் இரண்டு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டை விற்க ஒப்பந்தம் எழுதி, முன்பணமும் பெற்றாயிற்று. பழைய சாமான்களை அப்புறப்படுத்த இரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். அம்மாவின் படுக்கையறையில் தெற்குச் சுவரை ஒட்டி நின்ற தேக்கு அலமாரியை அவர்கள் நகர்த்தியதும், மண்ணும் பழந்துணியும் கலந்தாற்போன்ற ஒரு நெடி அறையெங்கும் எழுந்தது. இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினர்.

நான் கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். கரும்பச்சையும் சாம்பல் நிறமும் கலந்த வட்டங்கள் ஒன்றோடொன்று இணைந்து ஆள் உயரத்திற்குப் படர்ந்திருந்தன. காரை உப்பிப் பொருமியிருந்தது. விரலால் தொட்டபோது ஈரமாவைப் போல உதிர்ந்தது. அலமாரியின் பின்பலகையிலும் வெண்ணிற மயிரிழைகளாகப் பூசணம் பூத்திருந்தது.

அந்த வீட்டைக் குமரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1974இல் என் தந்தை கட்டினார். தொடக்கப்பள்ளி ஆசிரியரின் ஊதியத்தில் ஒவ்வொரு செங்கல்லாகச் சேர்த்துக் கட்டிய வீடு. நான் குருமடத்திற்குப் புறப்பட்டதும், குருவாகித் திரும்பி முதல் ஆசீர் வழங்கியதும் அதன் திண்ணையிலிருந்துதான். மறைமாவட்டக் குருக்களுக்குத் துறவியரைப் போல ஏழ்மை வார்த்தைப்பாடு இல்லை. எனவே சட்டப்படி பாதி வீடு எனக்கும் மறுபாதி என் தங்கைக்கும் உரியது. ஆனால் அவள் கணவனை இழந்தவள். மகளின் செவிலியர் படிப்பிற்காக நகைகளை அடகு வைத்து, வட்டி கட்டிக்கொண்டிருந்தாள். என் பங்கையும் அவளுக்கே கொடுத்துவிடுவதாக நான் முன்பே சொல்லியிருந்தேன். ஆக, அந்த விற்பனையில் எனக்கென்று ஒரு காசும் இல்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. என் சோதனை எந்த வாசல் வழியே வந்தது என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

நெடுநாள் பழகிய கொத்தனார் ஒருவரை அழைத்துக் காட்டினேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். அப்பால் இருந்த குளியலறைக்குள் போய்ப் பார்த்தார். வெளியே சென்று மண்ணைக் காலால் கிளறினார். பிறகு இரண்டு கணக்குகள் சொன்னார்.

“சாமி, முறையாச் செய்யணும்னா நாலடி உயரத்துக்குக் காரையைப் பெயர்த்து, உள்ளே ஓடுற குழாயை வெளியே எடுத்து, சுவரைக் காயவிட்டு மறுபடியும் பூசணும். ஒண்ணே முக்கால் லட்சம் ஆகும். காயவே மாசக்கணக்கு ஆகும். இல்லேன்னா பிளீச்சிங் பவுடர் போட்டுத் துடைச்சு, ரெண்டு கை பட்டி பார்த்து, பெயிண்ட் அடிச்சிரலாம். ரெண்டு நாள் வேலை. ஆறாயிரம் போதும். பத்திரம் முடியறவரைக்கும் ஒண்ணும் தெரியாது.”

நான் சற்று நேரம் பேசாமல் நின்றேன். தங்கையின் வட்டிக் கணக்கு நினைவுக்கு வந்தது. “நல்லபடியா முடிச்சிருங்க” என்றேன். எதை முடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வியாழக்கிழமை மாலை அந்தச் சுவர் பாலைப்போல் வெள்ளையாக இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்று நம் பெரியோர் கேட்பார்கள். பூசணத்தைச் சுண்ணாம்பில் மறைக்கலாம் என்று நான் நம்பிவிட்டேன். ‘பூசி மெழுகுதல்’ என்ற சொல்லை மறையுரைகளில் எத்தனையோ முறை பிறரைக் குறித்துப் பயன்படுத்தியவன்தான் நான்.

*

அடுத்த ஞாயிறு மாலை, வீட்டை வாங்கவிருந்த இளம் தம்பதியர் மூன்று வயதுப் பெண் குழந்தையோடு வந்தனர். அவர் வளைகுடா நாட்டில் ஒன்பது ஆண்டுகள் மின்பணியாளராக உழைத்துச் சேர்த்த பணம் அது. அறைகளைச் சுற்றிப் பார்த்த அந்தப் பெண், அம்மாவின் அறையில் நின்று, “இந்த அறைதான் நல்லாக் குளுமையா இருக்கு. பாப்பாவுக்கு இதையே வச்சுக்கலாம். அவளுக்கு அடிக்கடி இளைப்பு வரும், வெக்கை ஆகாது” என்றார். கணவர் சிரித்துக்கொண்டே என்னிடம், “எஞ்சினியரைக் கூட்டிட்டு வந்து பாருன்னு எங்க மாமா சொன்னாங்க, ஃபாதர். சாமியார் வீட்டுக்கு எஞ்சினியர் எதுக்குன்னு சொல்லிட்டேன். வீட்டை நீங்களே வந்து மந்திரிச்சுத் தரணும்” என்றார்.

“ஆகட்டும், தம்பி” என்றேன். அந்த இரண்டு சொற்கள் தொண்டையைக் கடக்கப் பெரும்பாடு பட்டன.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. குருமடத்தில் விரைந்து புரட்டிக் கடந்துவிட்ட ஒரு பகுதி நினைவிற்கு வந்து, விவிலியத்தை எடுத்தேன். லேவியர் நூலின் 14ஆம் அதிகாரத்தில், 33ஆம் வசனத்திலிருந்து அதிகாரத்தின் இறுதிவரை, வீட்டுச் சுவரில் தோன்றும் நோயைப் பற்றிய சட்டம் இருக்கிறது. மனிதத் தோலில் காணும் நோய்க்கும், துணியில் காணும் கறைக்கும், சுவரில் காணும் படர்தாமரைக்கும் எபிரேய மொழியில் ஒரே சொல்தான்: சாராஅத். நம் மொழிபெயர்ப்புகளில் அதைத் தொழுநோய் என்று படித்துப் பழகிவிட்டதால், வீட்டுக்கு எப்படித் தொழுநோய் வரும் என்று வியந்து கடந்துவிடுகிறோம். ஆனால் பச்சையாகவோ சிவப்பாகவோ சுவரில் குழிந்து தெரியும் கறை என்று அந்நூல் தரும் அடையாளங்களைப் படித்தால், ஈரச் சுவரில் வளரும் பூசணமே கண்முன் வரும்.

என்னை நிறுத்தியது அதுவல்ல. வீட்டுக்காரர் போய்ச் சொல்ல வேண்டியது கொத்தனாரிடம் அன்று, குருவிடம். குரு வருமுன் வீட்டிலுள்ள பொருள்களை வெளியேற்றிவிட வேண்டும். அவையும் தீட்டு என்று தள்ளப்பட்டு ஏழைக்கு இழப்பு நேரக்கூடாது என்ற பரிவு அது. குரு வந்து சுவரைப் பார்ப்பார். அவசரப்படாமல் வீட்டை ஏழு நாள் பூட்டிவைத்து, மீண்டும் வந்து பார்ப்பார். கறை படர்ந்திருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, காரையைச் சுரண்டி ஊருக்கு வெளியே கொட்டி, புதிய கல்லும் புதிய சாந்தும் வைக்கச் சொல்வார். அதற்குப் பின்னும் நோய் திரும்பினால் வீடே இடிபடும். திரும்பாவிட்டால் மட்டும் இரண்டு பறவைகளும், கேதுருக் கட்டையும், கருஞ்சிவப்பு நூலும், ஈசோப்பும் கொண்டு, ஏழுமுறை தெளித்து வீட்டைத் தூய்மையாக்குவார். உயிருள்ள பறவையை வெளியே பறக்கவிடுவார்.

முதலில் சுரண்டல், பிறகு தெளித்தல். இந்த வரிசையை நான் தலைகீழாக்கியிருந்தேன். சுரண்ட வேண்டிய சுவரை மூடிவிட்டு, அதன்மேல் தீர்த்தம் தெளிக்கவும் ஒப்புக்கொண்டிருந்தேன். பொய்வாக்கினர் உறுதியற்ற சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள், மழை வரும்போது அது விழும் என்று எசேக்கியேல் 13ஆம் அதிகாரத்தில் கண்டித்தது யாரை என்று அன்றிரவு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அறிவியல் கூறுவதும் ஏறத்தாழ இதுவே. பூசணத்தின் நுண்வித்துகள் எங்கும் காற்றில் மிதக்கின்றன. அவை இல்லாத வீடு இல்லை. ஈரம் இருந்தால் மட்டுமே அவை முளைத்து, இழைகளாகப் பரவுகின்றன. எனவே கறையைத் துடைப்பதால் பயனில்லை. நீர் வரும் வழியை அடைக்க வேண்டும். ஈரச் சுவருக்கு வண்ணம் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, சில மாதங்களில் பூச்சையே பிதுக்கிக்கொண்டு வெளிவரும். ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சுத் தொல்லைகளும் ஆஸ்துமாவும் வரும் ஆபத்து மிகுதி என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் கூறுகிறது. வேறொரு செய்தி என்னை இன்னும் கூனிக்குறுக வைத்தது. வீடுகளில் காணப்படும் பூசண வகைகளுள் ஒன்றிற்கு ‘அஸ்பெர்ஜில்லஸ்’ என்று பெயர். 1729இல் மிக்கேலி என்ற இத்தாலியத் தாவரவியலாளர் அதை நுண்ணோக்கியில் கண்டபோது, அது தீர்த்தம் தெளிக்கும் கருவியைப் போல் தோன்றியதாம். எனவே அக்கருவியின் இலத்தீன் பெயரையே சூட்டிவிட்டார். அந்தக் கருவியைத்தான் கையில் ஏந்தி அந்த அறைக்குள் நுழைய இருந்தேன்.

*

மறுநாள் முதிய குரு ஒருவரிடம் சென்று ஒப்புரவு அருட்சாதனம் பெற முழந்தாளிட்டேன். நான் சுற்றி வளைத்துச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டபின், அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அந்தக் குழந்தை எந்த அறையில் தூங்கும்?” என்னிடம் பதில் இருந்தது. அதனால்தான் என்னால் பேச முடியவில்லை.

இதற்கான ஒழுக்க இறையியலும் நான் அறியாததன்று. விற்பவர் பொருளின் குறையைச் சொல்லியாக வேண்டுமா என்று புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் தனியொரு வினா எழுப்புகிறார். உடல்நலத்திற்குக் கேடான வீடு விற்பனைக்கு என்று எவரேனும் பறையறைந்து விற்பார்களா என்று சிசரோ எடுத்துக்காட்டிய வாதத்தையும் ஒளிக்காமல் முன்வைக்கிறார். பறையறைய வேண்டியதில்லை என்பதே அவர் விடை. கேட்பவர்கள் மற்ற நன்மைகளை அறியாமலே ஓடிவிடுவார்கள். ஆனால் வாங்க வருபவரிடம் தனியே சொல்லிவிட வேண்டும். அவர் நிறைகுறைகளை எடைபோட்டுக்கொள்வார். ஒன்றில் பழுதுள்ள பொருள் பலவற்றில் பயனுள்ளதாக இருக்கலாமே என்கிறார். நம் நாட்டுச் சட்டமும் வேறு சொல்லவில்லை. வாங்குபவர் சாதாரண கவனத்தால் கண்டுகொள்ள இயலாத முக்கியக் குறையை, அறிந்த விற்பனையாளர் வெளிப்படுத்த வேண்டும், வெளிப்படுத்தாமை மோசடியாகும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவில் கூறுகிறது. திருச்சபையும் நாட்டுச் சட்டமும் ஒரே குரலில் பேசும் இடத்தில் குரு ஒருவன் ஊமையாக நின்றிருந்தான்.

முதலில் தங்கையிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே அவள் முகம் சிவந்தது.

“அண்ணே, பத்திரம் தள்ளிப்போனா நகை மூழ்கிரும். விலையைக் குறைச்சா அது யாருக்கு நட்டம்? உங்க பங்கையும் எனக்குன்னு சொன்னீங்க. இப்ப உங்க மனசாட்சிக்கு என் பணத்தையா எடுத்துக் குடுக்கிறீங்க?”

இதற்கு எந்த நூலிலும் விடை தேட முடியாது. அவள் சொன்னது உண்மை. நேர்மையின் விலையை நேர்மையாளனே கொடுத்தால் அது எளிது. நேசிப்பவர்கள் கொடுக்க நேரும்போதுதான் அது சிலுவையாகிறது. என் சேமிப்பில் 90,000 ரூபாய் இருந்தது. அதை வட்டிக்கு வைத்துக்கொள் என்றேன். அவள் வாங்காமல் எழுந்து போனாள். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் என்னோடு பேசவில்லை. பணத்தை நகைக்கடன் கணக்கில் நானே கட்டினேன்.

பிறகு அந்த இளைஞரை வீட்டிற்கு அழைத்தேன். வெள்ளைச் சுவரின்முன் நிறுத்தி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பூசச் சொன்னதையும் சொன்னேன். முன்பணத்தை உடனே திருப்பித் தர ஆயத்தமாக இருப்பதாகவும் கூறினேன். அவர் நெடுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே, ஃபாதர்” என்றார் மெதுவாக. பின்பு, “பெயர்த்துப் பார்க்கலாம். சரியாகுதான்னு ஒரு மழைக்காலம் பார்த்துட்டு முடிவு பண்றேன்” என்றார். லேவியர் நூலை அவர் படித்திருப்பாரா என்று தெரியாது. ஆனால் பூட்டிவைத்துப் பொறுத்திருந்து மீண்டும் பார்க்கும் அந்தப் பழைய ஞானத்தை அவர் பேசினார்.

*

மார்கழியில் காரையைப் பெயர்த்தோம். உள்ளே செங்கற்கள் கறுத்து நனைந்திருந்தன. “கீழேயிருந்து ஒரு நீர், உள்ளேயிருந்து ஒரு நீர்” என்றார் கொத்தனார். தெருவில் ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய சாலை போட்டதால், தந்தை மூன்று படி உயரத்தில் கட்டிய வீடு இன்று தெருமட்டத்திற்குத் தாழ்ந்துவிட்டது. மழைநீர் சுவரோரம் தேங்க, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் செங்கல்லில் ஓதம் ஏறியிருந்தது. அது பாதிக் காரணம்தான். மறுபாதி, குளியலறைக்காகச் சுவருக்குள் பதித்த குழாயின் இணைப்பு ஒன்று சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. தென்னைகளுக்கு நீர்விடப் பக்கத்து வீட்டார் மேல்தொட்டியை நிரப்பி வந்ததால் அந்தக் கசிவு நிற்கவே இல்லை.

அந்தக் குளியலறை நான் கட்டியது. 2018இல் அம்மாவால் கொல்லைப்புறம்வரை நடக்க முடியாமற்போனபோது, விடுமுறையில் வந்த பத்து நாளில் அவசரமாக ஆள்பிடித்துக் கட்டி முடித்தேன். ஊரெல்லாம் ‘சாமியார் மகன் தாய்க்குச் செய்ததைப் பார்’ என்று பாராட்டியது.

அன்று மாலை தங்கை வந்தாள். எவரும் அழைக்கவில்லை. பெயர்த்த சுவரைப் பார்த்தபடி வாசற்படியில் நின்றவள், தேம்பி அழத் தொடங்கினாள்.

“அலமாரியை அங்கே நகர்த்தினது நானும் அம்மாவும்தான், அண்ணே. குளியலறை கட்டின மறுவருசமே சுவரில் கறை வந்திருச்சு. அண்ணன் ஆசையாக் கட்டிக் குடுத்தான், தெரிஞ்சா மனசு சங்கடப்படுவான், சொல்லாதேன்னு அம்மா சொல்லிட்டாங்க. நீங்க வர்றதுக்கு முந்தின நாள் சாம்பிராணி போடுவாங்க. அந்த அறையிலதான் ராத்திரி முழுக்க இருமிக்கிட்டே கிடந்தாங்க. நான் சொல்லியிருக்கணும்.”

அம்மாவுக்கு முன்பிருந்தே இளைப்பு உண்டு; முதுமையும் இருந்தது. அந்தச் சுவர்தான் அவருடைய நோயை முற்றவைத்தது என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கட்டிலருகே நின்று எத்தனை முறை அம்மாவுக்கு நற்கருணை வழங்கியிருக்கிறேன்! நோயில்பூசுதலும் அங்கேதான் அளித்தேன். சாம்பிராணி மணத்தை அம்மாவின் பக்தி என்று எண்ணி மகிழ்ந்திருக்கிறேன். வீட்டுக்காரர் குருவிடம் வந்து தம் வீட்டுக் கறையைச் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். பெற்ற தாயே குருவாகிய மகனிடம் சொல்லவில்லை. என் மனம் நோகக்கூடாது என்ற அன்பே அவரது வாயை அடைத்தது. தங்கைமீது கொண்ட அன்புதான் என் வாயையும் அடைத்தது. மறைப்பதற்கு அன்பைவிட வசதியான அலமாரி வேறில்லை.

“நானும் பார்க்கலையே, அம்மா” என்று மட்டும் தங்கையிடம் சொன்னேன். பெயர்த்த காரைக் குவியலருகே இருவரும் நெடுநேரம் அமர்ந்திருந்தோம்.

*

சுவர் மாசி, பங்குனி வெயிலில் வெறுஞ்செங்கல்லாகக் காய்ந்தது. குழாய் வெளிச்சுவருக்கு மாறியது. சுவரோர மண்ணை வெட்டித் தாழ்த்தி, நீரோட வாய்க்கால் அமைத்தோம். புதிதாகப் பூசினோம். 2024ஆம் ஆண்டு ஆனியில் தென்மேற்குப் பருவமழை பெய்து கொண்டிருந்த ஒரு நாளில் அந்த இளைஞர் வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உலர்ந்திருந்தது. பேசிய விலையில் இரண்டு லட்சத்தைக் குறைத்துப் பத்திரம் முடித்தோம். தங்கையின் நகைகளில் பாதிதான் மீண்டன. அந்த இழப்பு இழப்புதான். அதற்கு நான் எந்த ஆன்மிகப் பூச்சும் பூச விரும்பவில்லை. மீதி நகைகளை மீட்க, என்னால் இயன்றதை மாதந்தோறும் அவளுக்கு அனுப்பி வருகிறேன்.

வீட்டை நானே மந்திரித்தேன். அந்த அறைக்கு வந்தபோது தீர்த்தத்தை ஒரு முறைக்கு இரண்டு முறையாகத் தெளித்தேன். குழந்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தது.

அன்பு வாசகரே, முப்பது ஆண்டுகளை நெருங்கும் என் குருத்துவ வாழ்வில் ஆயிரக்கணக்கான வீடுகளைச் சந்தித்திருக்கிறேன். சாமியார் வருகிறார் என்றதும் கூடத்தைப் பெருக்கி, நாற்காலிக்குத் துண்டு விரித்து, கணவனும் மனைவியும் சண்டையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பீர்கள். நாங்களும் ஐந்து நிமிடம் செபித்து, தீர்த்தம் தெளித்து, தேநீர் அருந்திவிட்டு அடுத்த வீட்டிற்குப் போய்விடுவோம். குடிப்பழக்கமோ, கடனோ, வளர்ந்த மகனின் மௌனமோ அலமாரிக்குப் பின்னால் படர்ந்துகொண்டிருக்கும். கேட்க எங்களுக்கு நேரமில்லை. சொல்ல உங்களுக்கு மனமில்லை. பழைய ஏற்பாட்டுக் குரு சுவரைப் பார்த்தவுடன் வீட்டை இடிக்கச் சொன்னவரல்லர். ஏழு நாள் பொறுத்தார், மீண்டும் வந்தார், இயன்றவரை வீட்டைக் காப்பாற்றவே முயன்றார். சொல்லப்பட்ட கறைக்கு வழியுண்டு. இப்போதெல்லாம் வீடு சந்திக்கச் செல்லும்போது சற்றுக் கூடுதல் நேரம் அமர்கிறேன்.

அம்மாவின் தேக்கு அலமாரியை விற்க வேண்டாம் என்று தங்கை கேட்டு வாங்கிக்கொண்டாள். பின்பலகையைத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, தன் வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கிறாள். சென்ற முறை போனபோது கவனித்தேன்: சுவருக்கும் அதற்கும் இடையே, காற்றுப் புக, ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தாள்.